"கார்பெட் கெட்டுப்போச்சு" என்று போன் வந்தால்: பெங்களூருவில் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பதினான்கு வருடமாக பெங்களூருவில் வீடு வீடாகப் போய் கார்பெட் கழுவுகிறேன். மிஷின் விவேக் நகரில் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. வேலை வைட்ஃபீல்டிலிருந்து ஜெயநகர் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் முதலில் கேட்பது எந்த மிஷின் வாங்கலாம், எந்த ஷாம்பூ நல்லது என்பதுதான். ஆறு மாதம் போனால் கேள்வி மாறிவிடும். "அண்ணே, கார்பெட்ட நாசம் பண்ணிட்டேன்னு சொல்றாங்க. நாப்பதாயிரம் கேக்குறாங்க. என்ன பண்றது?"

அந்த நேரத்தில் என்னிடம் கேட்டால் பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதி, வேலை தொடங்குவதற்கு முந்தைய இருபது நிமிடத்திலேயே முடிந்துபோயிருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். அழுக்கு ஒரு போர்வை. வெயிலில் வெளுத்த இடம், பூச்சி அரித்த பள்ளம், நாய் மூத்திரம் பட்டுச் சாயம் போன வட்டம், எப்போதோ கொட்டிய காபி, எல்லாம் அதற்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நாம் போய் அந்தப் போர்வையை எடுக்கிறோம். வீட்டுக்காரர் அதையெல்லாம் முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்க்கிறார், கடைசியாகக் கை வைத்தவர் நாம். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். பத்தில் எட்டுப் பேர் உண்மையாகவே நம்பித்தான் நம்மைக் குற்றம் சொல்கிறார்கள்.

முதல் வேலை: தண்ணீர் படுமுன் இருவரும் சேர்ந்து பாருங்கள்

மிஷினை வாசலிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கார்பெட் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். "ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க, என்ன நிலைமைல இருக்குன்னு சேர்ந்து பாத்துடலாம்" என்றால் யாரும் மறுப்பதில்லை. எங்கே, எப்போது வாங்கியது, இதற்கு முன் யார் கழுவினார்கள், இதில் என்னென்ன கொட்டியிருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் "ஒண்ணுமில்லை" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால், போன தீபாவளிக்கு விழுந்த எண்ணெய் நினைவுக்கு வரும்.

அப்புறம் ஒரு மூலையைத் திருப்புங்கள். முன்பக்க டிசைன் பின்பக்கமும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் வகை. மேல்நூலையும் அடித்துணியையும் ஒரு ரப்பர் பசை பிடித்துவைத்திருக்கும். அந்தப் பசைக்கு வயதாகும். கார்பெட்டைத் தூக்கும்போது தரையில் வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தால் பசை செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதை நனைத்தால் அடித்துணி பிரிந்து, காய்ந்தபின் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். அந்த மாவை விரலில் தொட்டு வீட்டுக்காரரிடமே காட்டுங்கள். "இது கழுவத் தாங்காது, மேலோட்டமா துடைச்சுத் தர்றேன்" என்று சொல்லுங்கள். அந்த வேலைக்குப் பாதிப் பணம்தான் கிடைக்கும். பரவாயில்லை.

பார்த்ததையெல்லாம் போனில் ஒரே வீடியோவாக எடுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். குழந்தைகள், பூஜை அறை, பீரோ எதுவும் அதில் விழக்கூடாது. "இந்த ஓரத்தில் ஒரு வெளுப்பு இருக்கு, இங்க குஞ்சம் பிஞ்சிருக்கு" என்று பேசிக்கொண்டே எடுத்தால், அவர் "ஆமா" என்று சொல்வதும் பதிவாகும். எடுத்த கையோடு அவருடைய வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கிற படத்தைவிட, வேலை தொடங்குமுன்பே அவர் போனுக்கும் போய்விட்ட படத்துக்கு மதிப்பு அதிகம். அடுக்ககமாக இருந்தால் நீங்கள் உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் கேட்டில் பதிவாகும். அதுவும் ஒருநாள் உதவும்.

ரசீதில் "எந்தச் சேதத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்துக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது. அதோடு, அதைப் படிக்கிறவர்களுக்கு உங்கள்மேல் முதல் சந்தேகமே அங்கேதான் வரும். "வலது மூலையில் பழைய கறை, முழுதாகப் போகாது என்று சொல்லப்பட்டது" என்று குறிப்பாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நூலும் சாயமும்

சர்ஜாபூர் ரோட்டில் ஒரு வீடு. ஹாலில் வெளிர் நீலத்தில் மின்னுகிற கார்பெட். "பியூர் சில்க், ஜாக்கிரதையா பண்ணுங்க" என்றார் அந்த வீட்டு சார். கையால் தடவினபோது பட்டுக்குரிய வழவழப்பைவிட அதிகமாகவே வழுக்கியது. அவரிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு நூலை இழுத்தேன். குஞ்சத்திலிருந்து எடுக்கக்கூடாது, அது பெரும்பாலும் வேறு நூலாக, பருத்தியாக இருக்கும். சமையலறை சிங்க் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினேன். சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனை வந்தது. சாம்பல் மெத்தென்று உதிர்ந்தது. விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்கிற செயற்கைப் பட்டு. பட்டாக இருந்தாலும் கம்பளியாக இருந்தாலும் முடி கருகுகிற நாற்றம் வரும், தீயும் தானாகவே அணையப் பார்க்கும். நைலான், பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

விஸ்கோஸ் தண்ணீரில் பலம் இழக்கும். காய்ந்தால் விறைக்கும், மஞ்சள் பூக்கும், தண்ணீர் சொட்டிய வட்டம்கூட அப்படியே நிற்கும். அதை நான் ஈரமாகக் கழுவியிருந்தால் மறுநாளே அந்த சார் பட்டுக் கார்பெட்டின் விலையைக் கேட்டிருப்பார். ஆனால் அவர் மனைவி முன்னால் "உங்களை ஏமாத்திட்டாங்க சார்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சார், இந்த நூல் தண்ணி தாங்காது. நல்லா வேக்யூம் பண்ணி, கறை இருக்குற இடத்த மட்டும் லேசா ஒத்தி எடுக்கிறேன்" என்றேன். எரிந்த வாசனை அவருக்கும் வந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

சாயத்துக்கு வேறு சோதனை. நீங்கள் பயன்படுத்தப் போகிற அதே ஷாம்பூவை அதே அளவில் கலந்து, வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிடம் அழுத்தி வையுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றும்தான் முக்கியம். வெறும் தண்ணீரில் சோதித்துவிட்டு ஷாம்பூவில் கழுவுகிற தப்பைப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் பேசாமல் இருக்கும் சிவப்பு, காரமான ஷாம்பூ பட்டதும் வெள்ளையில் இறங்கிவிடும்.

நம் தமிழ் வீடுகளுக்குப் போனால் கார்பெட்டோடு பவானி ஜமக்காளத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சில வீட்டில் கல்யாணத்தில் வந்த பத்தமடைப் பாயும் வரும். ஜமக்காளத்துக்குச் சாயச் சோதனை இல்லாமல் கையே வைக்காதீர்கள். பாயை ஈரம் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. அது கோரை, ஊறினால் போச்சு. "அம்மா, இது கல்யாணப் பாய், இதுல மிஷின் போடக்கூடாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டையும் பாருங்கள்

சேதம் கார்பெட்டில்தான் வரும் என்றில்லை. 2017-ல் இந்திராநகரில் ஒரு வீட்டில் சிவப்புச் சாயம் லேசாக விட்டது. நிறுத்துவதற்காக வினிகர் கலந்த தண்ணீர் தெளித்தேன். கார்பெட் தப்பித்தது. ஆனால் அந்தத் தண்ணீர் கீழே இறங்கி, இத்தாலியன் மார்பிளில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டது. மார்பிள் சுண்ணாம்புக் கல். வினிகர், எலுமிச்சை, புளி எது பட்டாலும் அதன் பாலிஷை அரிக்கும். காலையில் போன் வந்து போய்ப் பார்த்தேன். பளபளவென்ற தரையில் உள்ளங்கை அகலத்தில் ஏழு மங்கல் திட்டுகள். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்றிருந்தது. முழுக்க முழுக்க என் தப்பு. அந்த அம்மா கத்தக்கூட இல்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலிஷ்காரரை நானே கூட்டிக்கொண்டு போய், கூலி கொடுத்துச் சரிசெய்தேன். அன்றிலிருந்து அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் எந்தப் புளிப்பு மருந்தும் தெளிப்பதில்லை.

கரண்டையும் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 230 வோல்ட்டில் 1,380 வாட்தான். தண்ணீர் சூடாக்கும் மிஷின் அதைத் தாண்டும். 16 ஆம்பியர் பிளக் எங்கே என்று கேட்டு அதில்தான் மாட்டவேண்டும். இல்லாவிட்டால் ஃபியூஸ் போவதோடு, அன்றைக்கு டிவி கெட்டாலும் அது உங்கள் கணக்கில் ஏறும். தண்ணீர் காவிரியா, போரா, டேங்கரா என்றும் கேளுங்கள். உப்பான போர் தண்ணீரில் ஷாம்பூ சரியாக அலசப்படாமல் கார்பெட் விறைத்துப் போகும். ஈரக் கார்பெட் மேல் சோபாவைத் திருப்பி வைத்தால் மரக்காலின் நிறமும் ஆணித் துருவும் இறங்கும். காலுக்கடியில் அலுமினியத் தாள் வைத்தால் போதும். கண்ணாடிச் சாமான்களை வீட்டுக்காரர்களையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

போன் வந்ததும்

இவ்வளவு செய்தும் ஒருநாள் போன் வரும். "என்னப்பா இப்படிப் பண்ணிட்டுப் போயிட்ட? முழுக்கப் பழுப்புப் பழுப்பா நிக்குது!"

அந்த நிமிடத்தில் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "அது முன்னாடியே அப்படித்தாங்க இருந்துச்சு" என்று பார்க்காமலே சொன்னால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். "ஐயோ, என் தப்புதான், பணம் தர்றேன்" என்பதும் பார்க்காமல் சொல்கிற வார்த்தைதான். நான் சொல்வது இவ்வளவுதான்: "அம்மா, உங்க பொருளுக்கு இப்படி ஆச்சுன்னா எனக்கும் வருத்தம்தான். நாளைக்குக் காலையில நானே வந்து பாக்குறேன். அதுவரைக்கும் அதுமேல எதுவும் ஊத்தாதீங்க." கன்னடக்காரர்கள் என்றால், "ஸ்வல்ப தாளி மேடம், நானே பந்து நோட்தீனி." "எதுவும் ஊத்தாதீங்க" என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். நீங்கள் போவதற்குள் யூடியூபைப் பார்த்து சோடா மாவு, எலுமிச்சை, வெந்நீர் எல்லாம் கொட்டிவிடுவார்கள். அப்புறம் எது யார் செய்தது என்று பிரிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும்.

மறுநாளைத் தாண்டவிடாதீர்கள். நேரில் போகிறவரிடம் மனிதர்கள் பேசும் விதமே வேறு. போனை எடுக்காமல் இருந்தால் "ஓடிட்டான்" என்றுதான் நினைப்பார்கள்.

போய் என்ன பார்க்கவேண்டும்

கார்பெட் முழுக்க நூல்நுனி பழுப்பாக இருந்தால், அடியில் உள்ள பருத்தியோ சணலோ மெதுவாகக் காய்ந்ததால் பழுப்பு மேலே ஏறியிருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில், ஜன்னல் மூடிய அடுக்ககங்களில் இது அடிக்கடி வரும். மேலே சொன்ன அந்தப் போன் அல்சூரில் ஒரு பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது. கார்பெட் காய இரண்டு நாள் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் விரித்து, மிக லேசான புளிப்புக் கரைசல் தெளித்து, ஒத்தி எடுத்து, இரண்டு ஃபேன் வைத்துச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். போய்விட்டது. இதற்குப் பணம் கேட்காதீர்கள். ஃபேன் வைக்காமல் கிளம்பியது நம் குறைதான்.

கொட்டிய காபி அதே இடத்தில் அதே வடிவில் திரும்பி வந்தால், அடியில் தங்கியது காயும்போது மேலே வந்திருக்கிறது. குறைந்த ஈரத்தில் இன்னொரு முறை எடுத்து, மேலே கனத்த துண்டை மடித்துப் பாரம் வைத்துவிட்டால் மீதியைத் துண்டு இழுத்துக்கொள்ளும்.

"நிறம் போய்டுச்சு" என்றால் நூலை இரண்டு விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். வேரில் நிறம் பளிச்சென்று இருந்து நுனி மட்டும் வெளுத்திருந்தால் வெயில். சோபாவுக்கடியில் இருந்த பகுதி அடர்த்தியாக இருக்கும், அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வட்டமாக நிறம் போய், ஈரம் பட்டால் நாற்றம் வந்தால் செல்லப்பிராணி. மேல்நூல் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இல்லாமல் போய், பின்பக்க நெசவு அப்படியே இருந்தால் பூச்சி. பெரும்பாலும் கட்டிலுக்கடியில்தான் அரித்திருக்கும். நடக்கிற வழி மட்டும் இன்னும் சாம்பலாகத் தெரிந்தால் அங்கே நூலே தேய்ந்திருக்கிறது, இன்னும் பத்து முறை கழுவினாலும் அப்படித்தான் இருக்கும்.

சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கியிருக்கிறதா? முதல்நாள் வீடியோவைத் திறந்து பாருங்கள். அதில் இல்லை என்றால் நாம் செய்ததுதான்.

எதைக் கண்டுபிடித்தாலும் வாயால் விளக்குவதைவிட அவர் கையாலேயே பிரித்துப் பார்க்க வையுங்கள். "இந்த இடத்துல நீங்களே நூலைப் பிரிச்சுப் பாருங்கம்மா." கோபமாக நின்றவர்கள் குனிந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினால் பேச்சின் சுருதி இறங்கிவிடும்.

நம் தப்பு என்றால்

உடனே ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொகையை அந்த இடத்தில் பேசாதீர்கள். "தப்பு என்னுதுதான். எப்படிச் சரிபண்ணலாம்னு விசாரிச்சுட்டு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்" என்று நேரம் குறித்துச் சொல்லி, அந்த நேரத்தில் கூப்பிடுங்கள்.

முதலில் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். பிய்ந்த குஞ்சத்தைக் கட்டலாம், சின்ன ஓட்டையை ரஃபூ செய்கிறவரிடம், அதாவது நூலால் இழை பின்னி அடைக்கிறவரிடம், கொடுக்கலாம், இறங்கிய சாயத்தைப் பாதியாவது எடுக்கலாம். முடியாவிட்டால் பணம். எட்டு வருடம் மிதித்த கார்பெட்டுக்குப் புது விலை தரவேண்டியதில்லை. வாங்கிய ரசீது, வயது, சேதம் எவ்வளவு இடத்தில் என்பதை வைத்துப் பேசுங்கள். கழுவிய கூலியைத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் பேரமாக வைக்காதீர்கள், கேட்காமலே கொடுத்துவிடுங்கள். முடிவானதை வாட்ஸப்பில் எழுதுங்கள்: எந்தக் கார்பெட், என்ன சேதம், எவ்வளவு தொகை, இத்துடன் இந்த விஷயம் முடிந்தது. அவர் "சரி" என்று பதில் போட்டபின் யூபிஐ-யில் அனுப்புங்கள். கையில் காசாகக் கொடுத்தால் எழுத்தில் எதுவும் மிஞ்சாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள்: நான் வேலை செய்துகொண்டிருக்கிற பொருளுக்கே சேதம் வந்தால் தருவீர்களா? பல பாலிசிகளில் மற்ற பொருளுக்கு உண்டு, கையில் இருக்கிற பொருளுக்கு இல்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம் தப்பு இல்லை, அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை என்றால்

பார்த்ததை நான்கைந்து வரியில் எழுதி, முதல்நாள் வீடியோவோடு அனுப்பிவிட்டு அமைதியாக இருங்கள். சண்டையை முடிப்பதற்காக ஐந்தாயிரம் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அது உங்கள் இஷ்டம். கொடுத்தால், தப்பை ஒத்துக்கொண்டு தரவில்லை, நல்லெண்ணத்தில் தருகிறோம் என்று எழுதிவிட்டுக் கொடுங்கள்.

மோசமான ரிவ்யூ போட்டால் மூன்று வரிக்கு மேல் பதில் எழுதாதீர்கள், அவர்கள் வீட்டுப் படத்தைப் பொதுவில் போடவே போடாதீர்கள். ஆப் வழியாக வந்த வேலையாக இருந்தால், அவர்கள் உங்கள் காசில் பிடித்தம் செய்யுமுன் அதே படங்களை அவர்களுக்கும் அனுப்பி, பிடிப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கர்நாடகத்தில் 2025-ல் ஆப் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

"போலீசுக்குப் போவேன்" என்றால் நடுங்காதீர்கள். வேண்டுமென்றே சேதப்படுத்தினால்தான் அது குற்ற வழக்கு, வேலையில் கைதவறியது சிவில் விஷயம். கூப்பிட்டால் படங்களோடு போய் மரியாதையாகச் சொல்லுங்கள். மிஷினைப் பிடித்துவைத்துக்கொண்டால் இழுபறி செய்யாமல், "மிஷின் உங்க வீட்டுல இருக்கு" என்று மெசேஜ் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். உங்களையே வெளியே விடாவிட்டால் 112. இலவசச் சட்ட ஆலோசனைக்கு 15100.

நுகர்வோர் கோர்ட் வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமலே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. அதனால் வீடியோ, ரசீது, மெசேஜ் எதையும் இரண்டு வருடத்துக்கு முன் அழிக்காதீர்கள். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், கேட்டால் அதிகபட்சம் இன்னும் 15 நாள். இந்த 45 நாளைத் தாண்டினால் உங்கள் பக்கம் எவ்வளவு உண்மை இருந்தாலும் பதிலை ஏற்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் "நான்தான் தப்பு பண்ணலியே" என்று கவரைப் பிரிக்காமலே வைத்திருந்து தோற்றார்.

கூட வருகிற பையன்

இதையும் சொல்லவேண்டும். குற்றச்சாட்டு வரும்போது பெரும்பாலும் விரல் நீளுவது உதவிக்கு வந்த பையன் பக்கம்தான். "அந்தப் பையன்தான் இழுத்தான்" என்பார்கள். வீட்டுக்காரர் முன்னால் அவனைத் திட்டாதீர்கள், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். "வேலை என்னுது, என்கிட்ட பேசுங்க சார்" என்று முன்னால் நில்லுங்கள். வெளியே வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, நடந்ததைக் கேளுங்கள். பயந்த பையன் உண்மையை மறைப்பான். அவன் மறைத்ததை நம்பி நீங்கள் வீட்டுக்காரரிடம் அடித்துப் பேசினால், நாளைக்கு வெட்கப்படப் போவது நீங்கள்தான். அவன் தவறவிட்டிருந்தாலும் அந்தப் பணத்தை அவன் கூலியில் பிடிக்காதீர்கள். அந்த மிஷினை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அடுத்த வீட்டுக்குப் போகுமுன் இன்னொரு முறை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.